மேகம் இறங்கிய ஸ்டால்

அவள் போனில் சிரித்துப் பேசும்போதெல்லாம் என் கை மவுஸை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். ரொம்ப நாள் எனக்கே அது தெரியாது. ஒரு நாள் சாயங்காலம் மணிக்கட்டு ஏன் இப்படி வலிக்கிறது என்று யோசித்தபோதுதான் பிடிபட்டது. அன்றைக்கு அவளுக்கு நிறைய போன் வந்திருந்தது.

கொடைக்கானலில் பஸ் நிலையத்துக்கு மேலே ஏறும் ரோட்டில் இருக்கிறது எங்கள் ஸ்டுடியோ. கீழே கடை, மாடியில் கம்ப்யூட்டர் அறை. ஜன்னலோரத்து மேசை அவளுடையது, சுவரோரத்து மேசை என்னுடையது. நான் பன்னிரண்டாவது முடித்துச் சில வருடம் வீட்டில் இருந்துவிட்டு, கல்யாண ஆல்பம் செய்ய அங்கே சேர்ந்தவள். மாப்பிள்ளை பெண் பெயரைத் திரையில் ஓடவிடுவது, ரோஜா இதழ் கொட்டவிடுவது, புறாவைப் பறக்கவிடுவது எல்லாம் நான். கொஞ்சம் முதலாளி சொல்லித்தந்தார். மிச்சத்தை யூடியூபில் பார்த்துப் பழகினேன். அதில் பேசுகிற இங்கிலீஷ் எனக்குப் புரியாது. அந்த ஆளின் மவுஸ் அம்பு எங்கே போகிறது என்று மட்டும் பார்ப்பேன். அதுவே போதுமாக இருந்தது.

ஊரடங்கில் கல்யாணங்கள் நின்றபோது முதலாளி கோயம்புத்தூர் கம்பெனி ஒன்றிடம் புது வேலை பிடித்துவந்தார். பொருட்காட்சி எல்லாம் ஆன்லைனுக்குப் போய்விட்டிருந்தது. கம்ப்யூட்டரில் ஒரு பெரிய மண்டபத்தின் படம் இருக்கும். அதில் வரிசையாக ஸ்டால்கள். ஒன்றைத் தொட்டால் உள்ளே போகலாம். உள்ளே ஒரு மேசை, ஒரு பூந்தொட்டி, விலைப்பட்டியல், பேசுவதற்கு ஒரு சாட் பெட்டி. எல்லாவற்றுக்கும் பின்னால் சுவர் அகலத்துக்கு ஒரு திரை. அந்தத் திரையில் ஓடும் சின்னப் படத்தைச் செய்வதுதான் எங்கள் வேலை. பம்பு செட் கம்பெனி என்றால் பம்பு சுழலும், தண்ணீர் பாயும், கம்பெனி பெயர் எழும். ஊரடங்கு போயும் அந்த வேலை போகவில்லை. வெளிநாட்டு ஆட்களுக்கு அது சௌகரியமாகிவிட்டது.

அந்தப் படம் சில விநாடிதான் ஓடும். முடிந்ததும் முதலிலிருந்து தொடங்கும். நாள் பூரா அப்படியே சுற்றிக்கொண்டிருக்க வேண்டும். அதை லூப் என்போம். எங்கே முடிந்தது, எங்கே தொடங்கியது என்று பார்க்கிறவருக்குத் தெரியக் கூடாது. இணைப்பு தெரிந்தால் படம் துள்ளும். என் லூப் துள்ளாது. வெளியே சொல்லிக்கொள்ளாத ஒரு பெருமை எனக்கு இருந்ததென்றால் அது இதுதான்.

வேலை பெருகியபோது அவள் வந்து சேர்ந்தாள். என்னைவிட இரண்டொரு வயது சின்னவள், பெங்களூரில் வேலை பார்த்துவிட்டு அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஊருக்குத் திரும்பியவள். அவளுடைய அம்மா மிஷன் பள்ளி ஒன்றில் சமையல் வேலை பார்த்தவர். வேலை செய்கிறவரின் பிள்ளை என்று அவளை அங்கேயே படிக்க வைத்தார்கள். பணக்கார வீட்டுப் பெண் என்றால் எனக்கு இவ்வளவு எரிந்திருக்காது. என் அம்மா காட்டில் பூண்டு எடுத்தார், அவள் அம்மா அடுப்படியில் பூண்டு உரித்தார். இருந்த வித்தியாசம் அவ்வளவுதான். அதற்கு அவளுக்கு இங்கிலீஷ் கிடைத்தது, எனக்குக் கிடைக்கவில்லை.

கோயம்புத்தூர் ஆட்களோடு வாரா வாரம் வீடியோ மீட்டிங் நடக்கும். நான் கேமராவையும் மைக்கையும் அணைத்துவிட்டு உட்கார்ந்திருப்பேன். திரையில் ஒரு கறுப்புக் கட்டமாக என் பெயரின் முதல் எழுத்து மட்டும் தெரியும். அவள்தான் எங்கள் இருவர் வேலையையும் எடுத்துக் காட்டுவாள். 'நாங்கள் இதை இப்படிச் செய்தோம்' என்பாள். ஒரு நாளும் 'நான்' என்று சொன்னதில்லை. ஆனால் பேசுகிற வாய் ஒன்றாக இருக்கும்போது 'நாங்கள்' என்பதில் இன்னொருவர் இருப்பது யாருக்குத் தெரியும்? சூப்பர் என்று அவளைத்தான் சொல்வார்கள். அவள் என் பக்கம் திரும்பிக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டுவாள். நான் சிரித்துவைப்பேன்.

அவளுடைய லூப்பில் இணைப்பு லேசாகத் துள்ளும். கண்ணிமைக்கிற நேரம்தான். எந்த வாடிக்கையாளரும் அதைப் பார்த்ததில்லை. நான் பார்ப்பேன். அவள் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போயிருக்கும்போது அவளுடைய படத்தைத் திறந்து, அந்த இடம் வரட்டும் என்று காத்திருந்து பார்ப்பேன். அது துள்ளும்போது வெயில் காலத்தில் நெல்லிக்காய் தின்று தண்ணீர் குடித்தாற்போல் இருக்கும்.

இப்படி இருக்கையில் எங்கள் ஊரான பூண்டியிலிருந்து என் அண்ணன் போன் செய்தார். மேல்மலையில் பூண்டு போடுகிறவர்கள் சிலர் சேர்ந்து ஒரு குழு வைத்திருக்கிறார்கள். அண்ணன் அதில் முக்கியமான ஆள். உணவுப் பொருள்களுக்கான ஆன்லைன் கண்காட்சியில் ஸ்டால் எடுத்திருப்பதாகச் சொன்னார்.

"அங்க திரையில என்னமோ படம் ஓடுமாம்ல பாப்பா. ஒங்க கடையிலதான் செய்றாகன்னு சொன்னாக. நீ ஒங்க மொதலாளிகிட்ட ஒரு வார்த்த சொல்லி, நல்ல ஆளா பாத்துச் செய்யச் சொல்லு."

நல்ல ஆளாகப் பார்த்து. நான் அந்த வேலையைத்தான் செய்கிறேன் என்று அண்ணனுக்குத் தெரியாது. ஊரில் எல்லோருக்கும் நான் போட்டோ கடையில் இருக்கிற பெண். டைப் அடிப்பதாக ஒரு சித்தப்பா சொல்லிக்கொண்டு திரிந்தார். சொல்ல வேண்டும் என்று வாய் வந்தது. "சரிண்ணே, சொல்றேன்" என்றுதான் வெளியே வந்தது.

ஆனால் அன்றைக்கே மனதில் முடிவு செய்துவிட்டேன். இந்த ஸ்டாலை நான்தான் செய்ய வேண்டும். என் அண்ணன் வாயால், ஊர் ஆட்கள் நாலு பேர் முன்னால், 'இது நம்ம பாப்பா செஞ்சது' என்று ஒரு தடவை கேட்க வேண்டும். அதற்கு மேல் எதையும் அந்த வேலையிலிருந்து நான் எதிர்பார்க்கவில்லை.

முதலாளி இரண்டு பேரையும் ஆளுக்கொரு மாதிரி செய்யச் சொன்னார். வந்து பார்க்கிறவர்கள் பிடித்ததை எடுத்துக்கொள்ளட்டும் என்றார்.

அவள் செய்தது இது: ஒரு முழுப் பூண்டு மெல்லச் சுழலும். மேல்தோல் காற்றில் உரிந்து போகும். பல்லெல்லாம் பிரிந்து பூ மலர்வதுபோல் விரியும். விரிந்த பற்கள் சேர்ந்து குழுவின் பெயராக நிற்கும். அதை முதலில் பார்த்ததும் நான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டேன். எனக்கு ஏன் தோன்றவில்லை என்று குடித்துக்கொண்டே யோசித்தேன். பிறந்ததிலிருந்து பூண்டு உரித்தவள் நான்.

நான் செய்தது எங்கள் ஊர்ச் சரிவு. படிப்படியாகப் பூண்டுக் காடு. ஓரத்தில் ஒரு வீடு, அதன் கூரை இறவாணத்தில் கட்டித் தொங்கும் பூண்டுக் கத்தைகள். கீழே பள்ளத்திலிருந்து மேகம் ஏறும். காட்டை மூடும், வீட்டை மூடும், திரை முழுக்க வெள்ளையாகும். மெல்ல விலகும்போது பழைய இடத்துக்கே வந்திருப்போம். இணைப்பை மேகத்துக்குள் வைத்துவிட்டேன். எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. அவளே பார்த்துவிட்டு, "அக்கா, எங்க முடியுதுன்னே தெரியல" என்றாள். அவள் பாராட்டினால் எனக்கு வாங்கிக்கொள்ளவும் தெரியாது, திருப்பிக் கொடுக்கவும் தெரியாது. ஸ்வெட்டர் பொத்தானைச் சரிசெய்துகொண்டேன்.

குழு ஆட்கள் காரட் ஏற்றிவந்த ஜீப்பிலேயே வந்து இறங்கினார்கள். மாடி அறை முழுக்க ஈரமண் வாசம். எங்களுக்கென்று கொண்டுவந்த பூண்டுக் கத்தை ஒன்றை அண்ணன் ஜன்னல் கம்பியில் மாட்டினார். அவள் இரண்டு படத்தையும் ஓடவிட்டு, வழக்கம்போல் 'நாங்கள்' என்றே சொல்லி, எது எதற்கு என்று அவர்களுக்கு விளக்கினாள். முதலாளி கீழே சுற்றுலாக் குடும்பம் ஒன்றைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். நான் சுவரோரம் நின்றேன்.

என் படம் ஓடியதும் அறையில் சத்தம் மாறியது.

"ஏ, நம்ம காடுப்பா இது."

"அந்தா மேகம் எறங்குது பாரு."

"மேகமா? அது பொக. பூண்டுக்குப் பொக போடுறாகல்ல, அதக் காட்டுறாக."

"பொக வீட்டுக்குள்ளதான கெடக்கும். காட்டுல எவன்யா பொக போட்டான், ஒன் மாமனா?"

சிரிப்பும் சண்டையுமாக மேகமா புகையா என்பது முடிவாகவில்லை. ஆனால் படம் முடிவாகிவிட்டது. பூண்டு பூக்கிற படமும் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனாலும் இதுதான் நம் ஊர் என்றார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. அந்த நேரம் பார்த்து அவளுக்குக் கீழேயிருந்து அழைப்பு வந்தது. படி இறங்கிப் போனாள். அண்ணன் என் பக்கம் வந்து மெதுவாகச் சொன்னார்.

"நல்ல புள்ளதான் போல. நம்ம ஊரப் பாக்காமயே இப்பிடி அச்சு அசலாப் பண்ணிருக்குல்ல?"

நான் அண்ணன் முகத்தைப் பார்த்தேன். 'அது நான்' என்று சொல்ல இரண்டே சொல் போதும். பக்கத்தில் இன்னும் நாலு பேர் நின்றார்கள். "டீ குடிக்கிறீகளாண்ணே" என்று கேட்டேன்.

கண்காட்சி தொடங்கிய நாள் வெள்ளனே வந்து உட்கார்ந்தோம். ஸ்டாலுக்குள் வருகிறவர்களோடு சாட் பெட்டியில் பேசுவதற்கும் குழு அவளைத்தான் ஏற்பாடு செய்திருந்தது. வருகிறவர்கள் இங்கிலீஷில் கேட்பார்கள், வேறு யார் பேசுவது? திரையில் என் மேகம் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. ஆட்கள் வந்தார்கள். வந்தவுடனே போனார்கள். பக்கத்து ஸ்டால்களில் ஆள் நிற்பது தெரிந்தது, எங்களுடையதில் நிற்கவில்லை. கொஞ்ச நேரத்தில், ஊரிலிருந்து செல்லில் அதையே பார்த்துக்கொண்டிருந்த அண்ணன் கூப்பிட்டார்.

"என்ன பாப்பா, வாரவுகல்லாம் வாசலோட திரும்பிப் போறாக? எங்க வீட்டு நாய் நிக்கிதா அங்க?"

அவள் சாட்டில் வந்ததையெல்லாம் மேலே தள்ளித் தள்ளிப் படித்தாள். படித்துவிட்டு என்னைப் பார்த்தாள். பார்த்த விதத்திலேயே விஷயம் என்னுடையது என்று புரிந்தது.

"அக்கா, திரை இன்னும் லோடு ஆகலன்னு நெனைக்கிறாங்க. ஒருத்தர் படம் மங்கலா இருக்குங்கறார். இன்னொருத்தர் நெட் ஸ்லோவா இருக்கு, அப்புறம் வரேன்னு போய்ட்டார்."

"நல்லாத்தான ஓடுது" என்றேன். ஓடத்தான் செய்தது. இரண்டு பேரும் குனிந்து பார்த்தோம். மேகம் வந்து மூடியது, விலகியது. எங்களுக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. குழு ஆட்களுக்குத் தெரியவில்லை, முதலாளிக்குத் தெரியவில்லை, அவளுக்கும்தான் தெரியவில்லை. நான் ஜன்னலைப் பார்த்தேன். வெளியே உண்மையிலேயே மேகம் இறங்கியிருந்தது. எதிர்ச் சர்ச்சின் கோபுரம் காணவில்லை, ரோடு காணவில்லை. எங்கள் ஊரில் யாரும் அதைப் பார்த்துவிட்டு ஏதோ பழுது என்று போய்விட மாட்டார்கள். கொஞ்சம் நிற்பார்கள், விலகும். துபாயிலோ எங்கோ உட்கார்ந்து பார்க்கிறவருக்கு வெள்ளையான திரை என்றால் வேலை செய்யாத திரை.

முதலாளி மேலே வந்தார். விஷயத்தைக் கேட்டார். "அந்தப் பூண்டு பூக்குறது ரெடியாத்தான கெடக்கு? அதத் தூக்கிப் போட்ருவோம்."

அதுதான் சரி. அதைத்தான் யாரும் சொல்வார்கள். என் படம் இறங்கி, அவள் படம் ஏறப்போகிறது. குழுவும் அதைப் பார்த்துச் சந்தோஷப்படும். அண்ணன் ஏற்கெனவே அவளைத்தான் மெச்சிக்கொண்டிருக்கிறார், இனி அது பொய்யாகவும் இருக்காது. நான் மேசையிலிருந்த பேனா மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன்.

அவள் சொன்னாள்: "வேணாம்ணே. அவங்க ஆசப்பட்டு எடுத்தது அக்கா படத்தத்தான். மத்தியானம் வரைக்கும் டைம் குடுங்க, அக்கா சரி பண்ணிருவாங்க. அதுவரைக்கும் வர்றவங்கள நான் பேச்சுலயே பிடிச்சு வைக்கிறேன்."

அவள் இப்படிச் சொன்னதற்கு எனக்கு நன்றி வந்திருக்க வேண்டும். வந்தது கோபம். என் படத்துக்கு உயிர்ப்பிச்சை கொடுக்கிற இடத்தில் இவள் எப்போது போய் உட்கார்ந்தாள்?

முதலாளி போய்விட்டார். அவள் ஒரு கையால் தட்டச்சு செய்துகொண்டே, பேச்சுவாக்கில், "நேத்து கீழ அடிவாரம் போய்ட்டு ஜீப்புல ஏறி வரும்போது இதே மாதிரிதான்க்கா மேகம். ஒண்ணும் தெரியல. டிரைவர் பாட்டுக்கு ரோட்டோரத்து வெள்ளக் கல்ல மட்டும் பாத்துப் பாத்து ஓட்டிட்டு வந்துட்டாரு" என்றாள்.

நான் ஜன்னல் கம்பியில் தொங்கிய பூண்டுக் கத்தையைப் பார்த்தேன். வெளியே எல்லாம் வெள்ளை. கத்தை மட்டும் ஒவ்வொரு தாளும் தெரிய, வேரில் ஒட்டிய மண் தெரியத் தொங்கியது. பக்கத்தில் ஒன்று துல்லியமாக இருந்துவிட்டால் தூரத்தில் இருப்பது மேகம் என்று யாருக்கும் தெரிந்துவிடும்.

அந்த யோசனை அவளுடையதா என்னுடையதா என்று இன்றுவரை எனக்குள் வழக்கு நடக்கிறது. அவள் கல்லைப் பற்றித்தான் சொன்னாள், கத்தையைப் பார்த்தது நான். வழக்கு என் பக்கம் சாய்கிற நாளும் உண்டு, சாயாத நாளும் உண்டு.

எங்கள் ஸ்டுடியோவில் லென்ஸெல்லாம் ஒரு மரப்பெட்டியில், குண்டு பல்பு எரியவிட்டு வைத்திருப்போம். இல்லாவிட்டால் இந்த ஈரத்துக்குக் கண்ணாடியில் பூஞ்சை பிடித்துவிடும். பெட்டியைத் திறந்து, வெதுவெதுப்பாக இருந்த லென்ஸை எடுத்து மாட்டி, கத்தையைப் படம் பிடித்தேன். அந்தப் படத்திலிருந்து கத்தையை மட்டும் கம்ப்யூட்டரில் அறுத்தெடுத்து என் படத்தின் முன்பக்கம் தொங்கவிட்டேன். அப்போதுதான் சிக்கல் புரிந்தது. கத்தை அசையாமல் நின்றால் ஒட்டிவைத்ததுபோல் இருக்கும். அசைந்தாலோ, மேகத்துக்குள் மறைத்துவைத்த இணைப்பு இனி மறையாது. எல்லாவற்றுக்கும் முன்னால், எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில், கத்தை காற்றில் ஆடிப் புறப்பட்ட புள்ளிக்கே பிசகாமல் வந்து சேர வேண்டும்.

அவள் பக்கத்தில் ஓயாமல் தட்டிக்கொண்டிருந்தாள். நடுநடுவே சிரித்தாள். யாரோ ஒருவர் பூண்டு ஏன் இவ்வளவு சின்னது என்று கேட்டாராம். சின்னதுக்குத்தான் காரம் என்று அவள் எழுதினாளாம். "என்னைய மாதிரின்னும் எழுதிட்டேன்க்கா" என்றாள். நடுவில் கரண்ட் போய் யூபிஎஸ் கத்தியது. வெரசாகச் சேமித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கரண்ட் வந்தது. கத்தை இடது பக்கம் போய், திரும்பி, கொஞ்சம் அதிகமாக வலது பக்கம் போய், புறப்பட்ட இடத்துக்கு வந்தது. துள்ளவில்லை. நாலைந்து தடவை ஓடவிட்டுப் பார்த்துவிட்டு ஏற்றினேன்.

சாப்பாட்டு நேரம் தாண்டியதும் ஆட்கள் நிற்க ஆரம்பித்தார்கள். மங்கல் என்று அப்புறம் யாரும் எழுதவில்லை. இது எந்த மலை என்று ஒருவர் கேட்டிருந்தார்.

கண்காட்சி முடிந்த மறுநாள் குழு வீடியோவில் கூப்பிட்டது. அண்ணன் வீட்டு முற்றத்தில் எல்லோரும் ஒரே போனுக்கு முன்னால் நெருக்கியடித்து நின்றார்கள். பாதி முகங்களும் ஒரு சேவலும் தெரிந்தன. எங்கள் பக்கம் முதலாளி, அவள், அப்புறம் கறுப்புக் கட்டமாக நான். வெளியூர் வியாபாரிகள் சிலர் மாதிரிக்குப் பூண்டு அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள் என்று அண்ணன் சொன்னார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"எல்லாம் இந்தத் தங்கச்சி பேசுன பேச்சும், செஞ்ச படமுந்தான். நாங்க மறக்க மாட்டோம்மா."

"அண்ணே, பேசுனது மட்டுந்தான் நான்" என்றாள் அவள். "படம் முழுக்க உங்க தங்கச்சி செஞ்சது. நான் செஞ்சது வேற, அந்தப் பூண்டு பூக்குறது. நீங்க வேணாம்னுட்டீங்களே."

முற்றத்தில் சேவல் கூவியது.

"யாரு, நம்ம பாப்பாவா?"

"ஆமாண்ணே."

"ஏ பாப்பா. இருக்கியா அங்க? அன்னைக்கி பக்கத்துலதான நின்ன? டீ வேணுமாங்கத் தெரியுது, இதச் சொல்லத் தெரியலயா ஒனக்கு?"

"நம்ம பாப்பா செஞ்சதாம்ப்பா" என்று பின்னால் ஒரு குரல் யாருக்கோ சொன்னது. "அதான் அச்சா நம்ம காடு மாதிரி இருந்துச்சு. நான் அப்பவே சொன்னேன்ல." அவர் எதுவும் சொல்லியிருக்கவில்லை. அந்தக் குரல், நான் டைப் அடிப்பதாகச் சொல்லித் திரிந்த சித்தப்பாவுடையது.

பேசு, பேசு என்றார்கள். நான் மைக்கைத் திறந்தேன். "அண்ணே, வெதப் பூண்டெல்லாம் காஞ்சிருச்சா?" என்று கேட்டேன். முற்றமே சிரித்தது.

நான் கேட்க ஆசைப்பட்டது இதைத்தான். ஊர் ஆட்கள் முன்னால் கேட்டும்விட்டேன். அண்ணன் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்ததைப் பார்த்தேன். ஆனால் அதை அந்த முற்றத்துக்குள் கொண்டுபோய் வைத்தது அவளுடைய வாய். சாப்பிடும்போது உப்பை நகர்த்திவைப்பதுபோல் அத்தனை சுலபமாக நகர்த்திவிட்டாள். என்னால் ஒரு நாளும் அப்படிச் செய்ய முடியாது. அவள் பேரில் எவ்வளவோ விஷயத்துக்குப் பொறாமைப்பட்டிருக்கிறேன், அன்றைக்கு அவளுடைய நல்ல குணத்தின் மேலும் பட்டேன். அது மற்றதைவிடக் கடுமையாக இருந்தது.

கூட்டம் முடிந்து முதலாளி கீழே போனார். அவள் நாற்காலியைச் சுழற்றி என் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, அந்தப் பூண்டு பூக்குறது வீணாக் கெடக்குல்ல. மசாலாக் கம்பெனிக்காரங்களுக்குக் காட்டலாம்னு பாக்குறேன். ஆனா அதுல இணைப்பு துள்ளுது. என்னோடது எல்லாமே கொஞ்சம் துள்ளும், நீங்க பாத்திருப்பீங்க. கத்தைய ஆட விட்டீங்கள்ல, அதே மாதிரி இந்த லூப்பையும் துள்ளாம எப்படி மூடுறதுன்னு சொல்லித்தாங்களேன்."

இத்தனை நாள் எனக்கு மட்டுமே தெரிந்திருந்த ஒன்று. சாப்பாட்டு நேரங்களில் நான் தனியாகத் திறந்து பார்த்தது. அதுவும் அவளுக்குத் தெரிந்துதான் இருந்திருக்கிறது.

"துள்ளுதா?" என்றேன். "நான் கவனிக்கலயே."

அவள் படத்தை ஓடவிட்டாள். பூண்டு சுழன்றது, தோல் உரிந்தது, பற்கள் விரிந்தன. அந்த இடம் வருவதற்குச் சற்று முன்பே என் விரல் தன்னால் திரைக்குப் போய்விட்டது.

"இங்கதான்" என்றேன்.